இரண்டாவது பெயர்

ஓர் எழுத்தாளரின் மைப்பேனா, மூன்று மாதமாக ஒரே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு கதைகூட எழுதவில்லை. ரயில் டிக்கெட் முன்பதிவு செய்யப் போனவர் அதைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டார்.

அங்கே நூலில் கட்டிய பேனா ஒன்று கிடந்தது.

"பாவம், உன்னால நகரவே முடியாதே!" என்றது மைப்பேனா.

"ஊரே என்கிட்ட வருதே!"

அப்போது ஒரு பெண் அந்த நூல் பேனாவை எடுத்து, படிவத்தில் இரண்டு பெயர் எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டாவதை அடித்தாள்.

அவள் போனதும் மைப்பேனா பதறியது. "ஏன் அடிச்சாங்க?"

"தெரியாது. கை நடுங்குதான்னு மட்டும் பார்ப்பேன்."

"நடுங்குச்சா?"

"இல்ல. தாள் கிழியுற மாதிரி அழுத்தி அடிச்சாங்க."

மைப்பேனா நூல் பேனாவை நெருங்கி வந்தது. "அண்ணே, அடுத்து யாரு?"

"வரிசையைப் பாரு."

எழுத்தாளர் தேடிக்கொண்டு ஓடி வந்தார். மைப்பேனா மெல்ல உருண்டு, படிவக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.