ஸ்டார்ட் ஆகாத கார்

“சாவியத் திருப்புனா பின்னால பம்ப் ரெண்டு செகண்ட் உறுமணும், பாய். சத்தமே இல்ல. இன்ஜெக்டருக்கு பெட்ரோல் வரல,” என்றான் மெக்கானிக் சகாயவினோத்.

இருபது வருடப் பழைய அந்தக் காரின் அருகில் ஹாஜா முகைதீன் நின்றார். வீட்டு வாசலில் அவர் மனைவி மஜீதா புதுச் சேலையில் நின்றாள். காலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டது அவள்தான்.

“சீக்கிரம் பாருங்க தம்பி. நாலு மணிக்கு மதுரையில பிளைட்டு இறங்குது. மூணு வருசம் கழிச்சு புள்ள வாரான். இவுக நேத்துலேருந்து கல்லு மாதிரி நிக்கிறாக.”

“துபாய்லேருந்து எனக்கு என்ன கொண்டாரான்னு கேளுங்கம்மா,” என்று சிரித்தபடி ரிலே பெட்டியைத் திறந்தான். பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

“பாய், இத யாரோ கழட்டிருக்காக.”

மஜீதா உள்ளே போகும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரிலேயை எடுத்துக் காட்டினார்.

“நான்தான். வண்டி ஓடாதுன்னு சொல்லிரு. அவ அங்கன வரக் கூடாது.”

“ஏன் பாய்?”

“புள்ள பெட்டியிலதான் வாரான், சரக்கு வாசல் வழியா. அவளுக்கு இன்னும் சொல்லல. பள்ளிவாசல் ஜமாஅத்து ஆளுக ஆம்புலன்ஸ் கொண்டு போயிருக்காக.”

வினோத் பானெட்டை மூடினான். மஜீதா சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே வந்தாள்.

“இன்னைக்கு ஓடாதும்மா,” என்றான், தலையைத் தூக்காமல்.

“நீங்க இம்புட்டு நேரம் பாக்கையிலேயே தெரிஞ்சுச்சு தம்பி. டாக்சிக்குச் சொல்லிட்டேன், முக்குக்கு வந்துட்டான்,” என்றவள் கணவரிடம் திரும்பினாள். “வாங்க, போவோம்.”