பத்து வயதில் முதல் ஊசி

தடுப்பூசி வரிசையில் கைக்குழந்தைகளுக்கு நடுவே பத்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தால் யார் கண்ணில்தான் படாது? டியூஷன் டீச்சர் கண்ணில் நன்றாகவே பட்டுவிட்டான்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அப்பா, கையில் புத்தம் புதிய தடுப்பூசி அட்டையோடு. டீச்சர் எட்டிப் பார்த்தாள். அத்தனை கட்டமும் காலி.

தப்பைக் கண்டால் திருத்தாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

"பிறந்ததிலேர்ந்து ஒண்ணுமே போடலையா?"

"போட்டோம்மா. இப்ப மறுபடியும் முதல்லேர்ந்து" என்றார் அவர்.

அட்டையைத் தொலைத்துவிட்டுச் சமாளிக்கிறார் என்று தோன்றியது. பெற்றால் மட்டும் போதுமா, பொறுப்பு வேண்டாமா என்று நாலு பேர் காதில் விழும்படியே கேட்டாள். மற்ற அம்மாக்கள் தலையாட்டினார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டான். டீச்சர் தன் ஐந்து வயது மகளை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா வந்து பையனுக்கு ஊசி போட்டு, முதல் கட்டத்தை நிரப்பினாள். பிறகு, "சார், நீங்க விசாரிச்ச டியூஷன் டீச்சர் இவங்கதான்" என்று காட்டிவிட்டு உள்ளே போனாள்.

டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. அவரோ எதையும் மனசில் வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எழுந்து வந்து, பையனுக்குக் கேட்காத குரலில் விவரம் சொன்னார்.

நிணநீரில் வருகிற புற்றுநோய். அதிலும் பிள்ளைகளுக்கு அபூர்வமாக வருகிற வகை. மருந்துக்கு அடங்கவில்லை. கடைசியில் அவன் அக்காவின் ஸ்டெம் செல்லை எடுத்து இவனுக்கு ஏற்றினார்கள். பையன் பிழைத்தான். ஆனால் அதுவரை போட்ட ஊசிகளின் பலனெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பைப் பொறுத்தவரை அவன் இப்போது கைக்குழந்தை.

டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ரெண்டு வருஷமா வீடும் ஆஸ்பத்திரியும்தான். பிள்ளைங்களோட உட்கார்ந்து படிக்கணும்னு ஏங்கறான். டாக்டர் சரின்னுட்டார். ஆனா தட்டம்மை ஊசி மட்டும் இவனுக்கு இன்னும் ஒரு வருஷம் போடக் கூடாதாம். அம்மை வந்தா தாங்க மாட்டான். கூட இருக்கிற பிள்ளைங்க போட்டிருந்தாத்தான் இவனுக்குப் பாதுகாப்பு. உங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் போட்டவங்கதானே, டீச்சர்?"

அட்டையைக் காட்டாத யாரையும் அவள் டியூஷனில் சேர்த்ததே கிடையாது.

"வர்றவங்க எல்லாரும் போட்டவங்கதான்."

"அப்ப நாளைக்கே அனுப்பட்டுமா?"

பையன் நிமிர்ந்து அவளையே பார்த்தான்.

"ரெண்டு வாரம் போகட்டும்" என்றாள்.

"இடம் இல்லையா?"

"இடம் இருக்கு." மகளின் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "டியூஷன் நடக்கிறது என் வீட்லதான், இவளும் கூடவே உட்காருவா. இவளுக்கு அந்த ஊசியை நான் போடவே இல்லைங்க. ஃபோன்ல வந்த ஏதோ வீடியோவைப் பார்த்துப் பயந்துட்டேன். இன்னிக்குப் போட்டா உடம்புல பிடிக்க ரெண்டு வாரமாவது ஆகும். ஸ்கூல்ல அட்டை கேட்டாங்க. நர்ஸம்மாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி, ஊசி போடாம முத்திரை மட்டும் வாங்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."