எழுப்ப வருகிறவள்

"கொம்மா இண்டைக்கும் வந்தவள்" என்றார் வின்சன்ற், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வாங்கியபடி.

மகள் லவீனா அவருக்குப் பக்கத்தில் குந்தினாள். அம்மா இராசாத்தியைக் குருநகர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்தது போன பங்குனியில்.

"வந்து என்னப்பா செய்தவா?"

"எப்பவும் போலைதான். தோளைப் பிடிச்சு உலுப்பி, 'எழும்புங்கோ, எழும்புங்கோ' எண்டு கத்தினவள். திடுக்கிட்டு எழும்பிப் பாத்தா ஒருத்தரும் இல்லை. எனக்கு மூச்சு முட்டுது, உடம்பெல்லாம் வேர்வை."

கடலில் என்ன மீன் பட்டது என்று சொல்வதுபோல் அவர் சொல்லி முடித்தார். தன்னைப் பயப்படுத்தக் கூடாதென்றுதான் அப்பா இப்படிச் சாதாரணமாகக் கதைக்கிறார் என்று லவீனா நினைத்துக்கொண்டாள்.

அம்மா, சாகும் முன் சுவாமியார் பூசுகிற அவஸ்தைப்பூசுதல்கூட இல்லாமல், அடுப்படியில் விழுந்த இடத்திலேயே போனவள். "தனியப் போக மனமில்லாமல் ஆளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறா" என்று பக்கத்து வீட்டுக்காரி காதோடு காதாகச் சொன்னதிலிருந்து லவீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து வீட்டை மந்திரிக்கச் செய்தாள். அவர் அறை அறையாகத் தீர்த்தம் தெளிக்க, வின்சன்ற் முற்றத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பொத்தும் ஊசி கையிலிருக்க அப்படியே தூங்கி விழுந்தார்.

அன்றும் பொழுதுபடுமுன் தாடி வழித்து, தோய்த்த சாரத்தைக் கட்டிக்கொண்டு படுக்கப் போனார். அந்த அகலக் கட்டிலில் சுவரோடு ஒட்டி ஒதுங்கிப் படுத்தார். பயந்த பிள்ளை படுப்பதுபோல் இருந்தது லவீனாவுக்கு. கதவடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தீர்த்தம் தெளித்தும் அம்மா வருவது நிற்கவில்லை. விடிந்தால் அப்பாவுக்குத் தலையிடி. பூசையிலே நித்திரை, சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலும் நித்திரை. பயத்தில் இரவு கண் மூடுவதில்லைப் போலும் என்றே அவள் எண்ணினாள்.

ஒரு நாள் அப்பாவோடு கடலுக்குப் போகும் மருமகன் எமில்ராஜ் நனைந்த உடுப்போடு வந்து வாசலில் நின்றான்.

"மாமா இயந்திரத்தைப் பிடிச்சபடி நித்திரையாப் போனார், லவீனா. வள்ளம் நேரே, மீன் பிடிக்க நட்ட களங்கண்ணித் தடியளுக்குள்ளை ஏறிட்டுது. வள்ளம் இடிச்சும் முழிக்கேல்லை, தண்ணிக்குள்ளை விழுந்த பிறகுதான் முழிச்சார். இனிச் சுவாமியார் காணாது. டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ."

டொக்டர் ஜெயனி இளம் பிள்ளை. அம்மா வருகிற கதையைச் சிரிக்காமல் கேட்டாள்.

"ஐயா குறட்டை விடுறவரோ?"

"ஒழுங்கையிலை உள்ள வீடெல்லாம் கேக்கும்" என்றாள் லவீனா.

"இடையிலை குறட்டை நிண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்து, பிறகு திக்குமுக்காடி மூச்செடுக்கிறவரோ?"

லவீனாவுக்குத் தெரியவில்லை. வின்சன்ற் மெல்லச் சொன்னார். "அது அவளுக்குத்தான் தெரியும். சத்தம் நிண்டா உடனை தட்டி எழுப்பிப்போடுவள். கலியாணம் கட்டின நாளிலை இருந்து அப்பிடித்தான்."

டொக்டர் பேனையை மூடி வைத்தாள்.

"நித்திரையிலை உங்கடை தொண்டை மூடுது ஐயா. மூச்சு நிக்குது. முந்தி அம்மா எழுப்பினவா. இப்ப மூச்சுத் திணறி உடம்பு தானாத் திடுக்கிட்டு எழும்புது. அந்த நேரம் மூளை, பழகின கையையும் பழகின குரலையும் கொண்டுவருது. அவ்வளவுதான். ஆனா உந்த வருத்தத்தை இப்பிடியே விட்டா பிறசர் ஏறும், பாரிசவாதம் வரலாம், நித்திரையிலேயே இதயம் நிண்டும் போகலாம்."

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சோதித்தார்கள். கனடாவிலிருந்து லவீனாவின் அண்ணன் டினேஸ் மெசின் ஒன்றை அனுப்பிவைத்தான். படுக்கும்போது மூக்கில் மூடியை மாட்டினால் அது காற்றை உள்ளே தள்ளிக்கொண்டேயிருக்கும்; தொண்டை மூடாது.

கிழமை திரும்புவதற்குள் வீடு மாறிப்போயிற்று. குறட்டை இல்லை, தலையிடி இல்லை. பூசையில் வின்சன்ற் கடைசிவரை விழித்திருந்தார். பிறசரும் இறங்கிவிட்டது என்று டொக்டர் ஜெயனி சந்தோசப்பட்டாள். லவீனா மாதா கோயிலுக்குப் போய், அம்மாவின் ஆத்துமம் ஆறியதற்காக மெழுகுதிரி கொளுத்தினாள்.

அப்பா மட்டும் கதைப்பது குறைந்துகொண்டே வந்தது. தேத்தண்ணீரை வாங்குவார், குடிப்பார், கோப்பையைத் திருப்பித் தருவார். உடம்பு தேற நாள் எடுக்கும்தானே என்று அவள் விட்டுவிட்டாள்.

பிறகொரு மத்தியானம் அறையைக் கூட்டப் போனவள் திகைத்து நின்றாள். கட்டில் தலைமாட்டில் மெசின் இல்லை. அது வந்த பெட்டிக்குள்ளேயே போட்டு, வலைநூலால் இறுக்கிக் கட்டி, அலுமாரிக்கு மேலே ஏற்றப்பட்டிருந்தது. வின்சன்ற் கட்டில் விளிம்பில் இருந்தார்.

"எத்தினை நாளா மெசினைப் போடாமல் படுக்கிறியள்?"

அவர் சாரத்து மடிப்பை நீவிவிட்டார்.

"சாகப் போறியளோ அப்பா? டொக்டர் சொன்னது காதிலை விழேல்லையோ?" அவள் அலுமாரிப் பக்கம் கையை நீட்டினாள். "திரும்பவும் அம்மா வந்து உலுப்பப் போறா. திரும்பவும் நீங்கள் வேர்த்து விறுவிறுத்து எழும்பப் போறியள். அந்தப் பயத்திலை இருந்து உங்களை வெளியிலை எடுக்கத்தானே இவ்வளவு பாடும் பட்டனாங்கள்?"

"ஆருக்கு, பிள்ளை, பயம்?"

லவீனா அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"உந்த மெசினைப் போட்ட நாளிலை இருந்து கொம்மா வரவே இல்லை."