முப்பத்தெட்டு பவுண்டு மீசை

“ஒரு பவுண்டுகூடக் குறைக்க மாட்டேன்மா. குறைச்சா மீசையை எடுத்துடறேன்னு ஹேமநாதன் முன்னாடி சொல்லிட்டேன்.”

அம்பத்தூர் பிசியோதெரபி கிளினிக்கின் கட்டிலில் குப்புறப் படுத்தபடி சொன்னார் இக்னேஷியஸ். அவருடைய வலது தோளை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் ரெனிதா இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். “ஆண்டவரே” என்றார் அவர். மனைவி ஹில்டா பக்கத்து நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் தோளைப் பதம் பார்த்த வில் அவர்களுடைய மகன் இவானுடையது. வேலை கிடைத்து புனே போனவன் அதைப் பரண்மேல் போட்டுவிட்டுப் போனான். அம்பத்தூரை அடுத்த பாடியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அப்பா, ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தூசி தட்டி எடுத்தார். முப்பத்தெட்டு பவுண்டு என்பது அந்த வில்லின் எடை அல்ல. நாணைத் தாடை வரைக்கும் இழுக்கத் தேவைப்படும் பலம். இவானின் தோளுக்கு அது சரி.

பக்கத்துக் கடை ஹேமநாதனும் கூடவே அம்பு விடப் பழக வந்தார். “வயசாயிடுச்சு மாமே, கனத்தைக் கொறச்சுக்கோ” என்று ஒருநாள் சீண்டினார். மீசை பந்தயத்துக்கு வந்தது அப்போதுதான்.

ரெனிதா பிளாஸ்டிக் எலும்பு பொம்மையை எடுத்து வந்தாள்.

“இங்க பாருங்க அங்கிள். இது கை எலும்போட தலை. மேல கூரை மாதிரி இன்னொரு எலும்பு. நடுவுல இத்தனூண்டு சந்து. கையைத் தூக்குற தசைநார் அதுக்குள்ளதான் போகுது. வில்லு கனமா இருந்தா நீங்க முதுகால இழுக்காம, தோளைக் காதுகிட்ட தூக்கி இழுக்கறீங்க. சந்து அடைபடுது. கதவிடுக்குல மாட்டின கயிறு மாதிரி நார் தேயுது.”

இப்படியே போனால் அது அறுந்துவிடும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் வில்லைத் தொட முடியாது என்றாள்.

இக்னேஷியஸ் எழுந்து உட்கார்ந்தார். எது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் அவரும் சளைத்தவர் இல்லை. கனத்தைக் குறைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லையாம்.

“மேல ஒரு போல்ட்டு, கீழ ஒரு போல்ட்டு. நாணைக் கழட்டிட்டு, ஆலன் கீ, அந்த வளைஞ்ச சாவியால ரெண்டையும் ஒரே அளவு இடது பக்கம் திருகணும். ரெண்டு சுத்து போதும். அதுக்கு மேல போனா கழண்டுக்கும். சின்னப் புள்ளகூட செய்யும். நான் செய்ய மாட்டேன், அவ்ளோதான்.”

ஹில்டா ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். நாண் கழற்றிய வில் சோபாவில் கிடந்தது. ஆலன் கீ ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. கடையில் ஒரு ஸ்பேனர் இடம் மாறினாலும் ஊரைக் கூட்டுகிறவர். பாவம், மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு மேல் போல்ட்டில் இரண்டு சுற்று, கீழ் போல்ட்டில் இரண்டு சுற்று திருகினாள்.

கனம் குறைந்தால் அம்பு தாழ்ந்துதான் விழும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. மறுவாரம் திருவேற்காடு மைதானத்திலிருந்து வந்தவர், எதிர்க்காற்றில் அம்பெல்லாம் இறங்கிவிட்டது, குறி பார்க்கும் முள்ளைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தேன் என்றார். காற்றுக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

தோள் வலி குறைந்தது. எல்லாம் உடற்பயிற்சியின் பலன் என்று அவர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஹில்டாவுக்குத்தான் தூக்கம் போனது. அவர் சொன்ன சொல் மாறாதவர். ஒருமுறை கோபத்தில் காபி வேண்டாம் என்றவர் இன்றுவரை குடிக்கவில்லை. விஷயம் தெரிந்தால் மீசை நிச்சயம் போய்விடும். அதோடு அவளிடம் பேச்சும் நின்றுவிடும்.

ஆவடியில் மூத்தோர் போட்டி. வீறாப்பில் தன் வில்லின் கனத்தை ஏற்றி வைத்திருந்த ஹேமநாதன் பாதியிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இக்னேஷியஸுக்கு வெண்கலம்.

“மச்சான், நெசத்தச் சொல்லு. அதே கனம்தானா?” என்று முனகினார் ஹேமநாதன்.

இக்னேஷியஸ் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். துளி வலி இல்லை.

“அந்தோணியார் மேல சத்தியம் மச்சான். அந்த போல்ட்டை நான் தொடவே இல்ல.”

பார்க்க வந்திருந்த ஹில்டாவின் காதில் அது விழுந்தது. புனிதர் பேரில் புருஷனைப் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டோமே. வீட்டுக்கு வந்ததும் அவர் உடை மாற்றப் போன நேரத்தில் ஆலன் கீயை எடுத்தாள். திருகியதைத் திருப்பித் திருகிவிட்டால் சத்தியம் பாதியாவது உண்மையாகும் என்று பட்டது. மேல் போல்ட்டில் கீயை மாட்டினாள்.

“ஹில்டா, வலது பக்கம் திருகிடாதே. அடுத்த மாசம் வேப்பம்பட்டுல போட்டி கீது, தோளு தாங்காது.”

திரும்பிப் பார்த்தாள். இக்னேஷியஸ் கண்ணாடி முன் நின்று மீசையைச் சீவிக்கொண்டிருந்தார்.

“கீயை அந்த ஃபிரிட்ஜ் மேலயே வை. மொதல்ல மேஜை மேல வச்சுப் பார்த்தேன், டிவி மேல வச்சுப் பார்த்தேன், நீ கண்டுக்கவே இல்லையே.”