பல் போன தபால்தலைகள்

"ஐயோ சார், எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?"

ஆல்பம் டாக்டர் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினார். இன்னொரு கை சமையலறைப் பக்கம் காட்டியது.

"மெதுவாப் பேசுங்க. அவ காதுல விழுந்தா என் கதை முடிஞ்சுது."

ஆல்பம் டாக்டர் என்பது ஊர் வைத்த பெயர். நனைந்தது, செல்லரித்தது, ஒட்டிக்கொண்டது என்று எந்தப் பழைய தபால்தலை ஆல்பம் வந்தாலும் பிழைக்க வைத்துவிடுவார். இந்த மழைக்கு வாத்தியார் வீட்டு அலமாரிச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது. ஆல்பங்களைப் பிரித்துக் காயவைத்து, வேறு இடத்தில் பத்திரமாக அடுக்கித் தரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்.

காலையிலிருந்து வேலை மடமடவென்று நடந்தது. பக்கங்களுக்கு நடுவே மெல்லிய வழுவழுத் தாள் வைத்தாயிற்று. வியர்த்துப் போயிருந்த பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி எறிந்தாயிற்று. படுக்கப் போட்டால் பக்கங்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும் என்று ஆல்பங்களை நிற்க வைத்தாயிற்று. கடைசியாக வந்தது வெல்வெட் துணியில் சுற்றியிருந்த சிவப்பு ஆல்பம். அதன் பவிசைப் பார்த்து, உள்ளே ஏதோ பொக்கிஷம் என்று கையுறை மாட்டிக்கொண்டு திறந்தார் டாக்டர். மயக்கம் வராத குறைதான்.

அத்தனையும் நூறு வருஷத்துத் தபால்தலைகள். ஒன்றுக்குக்கூடப் பல் இல்லை. ஓரத்துப் பல் விளிம்பைக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி, மாவுப் பசையைத் தாராளமாகத் தடவி, பக்கத்தோடு பக்கமாக அப்பியிருந்தது. பல்லும் போய், முதுகும் பசையில் போன தபால்தலையைச் சேகரிப்பவர்கள் சும்மா கொடுத்தால்கூட வாங்க மாட்டார்கள்.

"குழந்தை யாராவது விளையாடிடுச்சா சார்?"

"குழந்தையா? என் வீட்டுக்காரிங்க. கல்யாணமான புதுசு. எங்கப்பா சேத்து வெச்சதை ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தேன். நான் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள உக்காந்து முடிச்சுட்டா. 'ஓரமெல்லாம் பிசிறு பிசிறா இருந்துச்சுங்க, அழகா வெட்டி ஒட்டிட்டேன், பாருங்க'ன்னு நீட்டினா. விரல் பூரா பசை, மூஞ்சி பூரா சந்தோஷம். நான் என்னத்தைச் சொல்றது? பிரமாதம்னுட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு அடைச்ச வாய், நாப்பது வருஷமா திறக்கவே இல்ல. இப்பப் போய்ச் சொன்னா உடைஞ்சு போயிடுவா." வாத்தியார் ஆல்பத்தை டாக்டர் பக்கம் நகர்த்தினார். "மத்ததெல்லாம் போனாலும் போகட்டும் டாக்டர். இதை மட்டும் எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

டாக்டர் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். நெற்றி சுருங்கியது.

"ஒண்ணுதான் சார் எனக்குப் புரியல. மாவுப் பசைன்னா பூச்சிக்கு விருந்து வெச்ச மாதிரி. மத்த ஆல்பத்துல எல்லாம் புள்ளி புள்ளியா பூசணம். இதுல ஒரு பொட்டுகூட இல்லையே?"

"எனக்கும் அதுதான் அதிசயம். ராசியான ஆல்பம்!"

அப்போது வாத்தியாரின் வீட்டுக்கார அம்மா டீயோடு வந்தார். மேஜை பக்கம் வராமல், தள்ளியிருந்த ஜன்னல் மேடையில் கோப்பைகளை வைத்தார்.

"என்ன தம்பி, சிவப்பு ஆல்பம் வெளியில வந்துடுச்சா? நான் ஒட்டினதாக்கும். எப்படி இருக்கு?"

வாத்தியார் கண்ணாலேயே கெஞ்சினார். தபால்தலை விஷயத்தில் டாக்டர் பொய் சொன்னதே கிடையாது. கூடப்பிறந்த அண்ணன் ஆசை ஆசையாக வாங்கி வந்ததையே போலி என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மனுஷர். ஆல்பத்தை மெல்ல மூடினார்.

"இந்த வீட்டுலயே ஒசத்தி இதுதாம்மா."

"அப்ப அடுத்த மாசம் கண்காட்சி வருதே, அதுல கொண்டுபோய் வெச்சுடலாமாங்க?"

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. "அதெல்லாம்... வெளிச்சம் பட்டா சாயம் போயிடும். அப்படித்தானே டாக்டர்?"

"ஆமாம்மா, அடியோட போயிடும்" என்று பின்பாட்டுப் பாடினார் டாக்டர்.

"சரி சரி, பத்திரமா உள்ளயே இருக்கட்டும்."

அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். வாத்தியார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஈரம் எட்டாத உள்சுவர்ப் பக்கம் சிவப்பு ஆல்பத்துக்கு ஒரு தனி இடம் ஒதுக்கினார்.

வேலை முடிந்து டாக்டர் கிளம்பியபோது, அம்மாதான் வாசல் வரை வந்தார். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, மூடியிருந்த கையைத் திறந்து காட்டினார். செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள்.

"தம்பி, இதை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை மாத்தினா நல்லது? அவர் நடக்கப் போற நேரத்துல சிவப்பு ஆல்பத்தை எடுத்துக் காத்தாட விரிச்சு, பூச்சி இருக்கான்னு பாத்துட்டு, துணிக்குள்ள ரெண்டு வெச்சுச் சுத்திடுவேன். நீங்க வர்றீங்கன்னதும் நேத்தே பொட்டலத்தை எடுத்து ஒளிச்சுட்டேன்."

டாக்டர் பொட்டலங்களையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா... அப்ப உங்களுக்கு..."

"பல்லை வெட்டக் கூடாதுன்னு அடுத்த வருஷமே தெரிஞ்சுபோச்சு. கண்காட்சின்னதும் அவர் முழிச்ச முழியைப் பாத்தீங்கல்ல?" அம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. "அவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க தம்பி. நாப்பது வருஷமா எனக்காக ஒரு பொய்யைப் பொத்திப் பொத்திக் காப்பாத்திக்கிட்டு இருக்கார். அதுல பூச்சி விழுந்துடக் கூடாது!"