உறவு: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்

அடுத்தவர் கையெழுத்தைப் படிக்கப் பொறுமையில்லாத ஒரு கிளார்க், பள்ளிச் சேர்க்கைப் படிவத்தைக் கம்ப்யூட்டரிலேயே நிரப்பும்படி செய்து, அதில் இரண்டு பேரைக் குடிவைத்தார். ஒன்று, தட்டினால் விரிகிற பட்டியல். குழந்தைக்கு நீங்கள் யார் என்று அது கேட்கும். தந்தை, தாய், மற்றவர் என்று மூன்றே பதில். அதற்குக் கீழே ஒரு டிக் கட்டம். 'மேலே சொன்னதெல்லாம் உண்மை' என்று ஒப்புக்கொண்டு அதைத் தட்ட வேண்டும். அதனால் தன்னை ஒரு நீதிபதி என்று அதற்கு நினைப்பு.

ஒருநாள் ஜெசிந்தா வந்தாள். இறந்துபோன தங்கையின் மகளைக் கைக்குழந்தையிலிருந்து வளர்ப்பவள். பட்டியலை விரித்தாள். அம்புக்குறி 'மற்றவர்' மேல் போய் நின்றது. அழுத்த அவளுக்கு விரல் வரவில்லை.

"பெரியம்மான்னு ஒரு வரி போட்டா உன் சொத்து குறைஞ்சிடுமா?" என்றது கட்டம்.

"கிளார்க் கொடுத்தது மூணுதான். நானா சேர்த்துக்க எனக்குக் கையா இருக்கு?" என்றது பட்டியல்.

அம்புக்குறி மேலே ஏறி 'தாய்' என்பதை அழுத்தியது.

"ஐயையோ, பொய்! நான் டிக் வாங்கவே மாட்டேன்."

"கொஞ்சம் வாயை மூடிட்டு, வெளியே என்ன சத்தம்னு கேளு."

"அம்மா, சடை பின்னிவிடும்மா. நீ பின்னினாத்தான் வலிக்காது," என்றது ஒரு சின்னக் குரல்.

"இரு கண்ணு, இதோ வரேன்," என்றாள் ஜெசிந்தா. அம்புக்குறி கட்டத்தின் அருகே வந்து, விலகி, மறுபடி அதன் மேல் வந்து நின்றது.

"பயப்படாம தட்டும்மா," என்றது கட்டம்.