கேலரியில் ஒருத்தி

கணவனின் போன் கேலரியைத் திறந்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பேக்கரியில் தன்னோடு வேலை பார்க்கும் தோழி தினமும் வைக்கும் ஸ்டேட்டஸ் படங்கள், ஒன்று விடாமல் ஸ்கிரீன்ஷாட்டாக இருந்தன.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டீங்க. அவ அவ்வளவு அழகா?"

"அவளை யாரு பார்த்தா? ஓரத்தைப் பெருசாக்கிப் பாரு."

பெரிதாக்கினாள். தோழியின் தோளுக்குப் பின்னால், மாவு அப்பிய கையோடு அவளேதான் நின்றாள். எல்லாப் படத்திலும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கிறே" என்றான் அவன். "அப்படி என்னதான் சொல்லி உன்னைச் சிரிக்க வைக்கிறாளோ, தெரியலை. தினமும் இதைப் பார்த்து வயிறெரியுறது நான்தான்."